க்யூவைக் கண்டு நடுங்காதே!

ஸ்கிராபிள் ஆட்டத்தில் நூறு கட்டைகள். எழுத்து பொறித்தவை 98, வெற்றுக் கட்டை இரண்டு. அந்த 98-இல் க்யூ என்ற எழுத்துக்கு ஒரே ஒரு கட்டைதான். மதிப்பு பத்துப் புள்ளி. ஆனால் அதைக் கையில் எடுத்தவன் முகம் மலர்வதில்லை. ஆங்கிலத்தில் க்யூ வந்தால் பக்கத்திலேயே யூ வர வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். யூ கட்டை மொத்தமே நான்கு. அது எதிராளி கையில் இருந்தால்? ஆட்டம் முடியும் வரை க்யூ உன்னிடமே தங்கிவிட்டால் இருக்கிற புள்ளியும் கழியும். ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட எத்தனையோ வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் இந்த ஒரு கட்டையை வைத்துக்கொண்டு நெற்றியைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

இப்போது உன்னிடம் கேட்கிறேன். யூ ஒட்டாத க்யூ உள்ள ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல் ஒன்று சொல்.

தெரியாது என்கிறாயா? பிரியாணிக் கடையில் பரோட்டாவுக்கு என்ன ஊற்றச் சொல்வாய்? குர்மா. அதை க்யூ போட்டு எழுதினாலும் போட்டிகளில் செல்லும். தெருவில் பார்க்கும் புர்காவில் க்யூவுக்கு அடுத்து வருவது ஏ. தர்காவில் உட்கார்ந்திருக்கும் பக்கீர், அதிலும் க்யூ உண்டு. செய்தித்தாளில் நூறு தடவை படித்த தலாக், க்யூவில் முடிகிறது. நிகாப். தொழுகைக்கு முகம் வைக்கும் திசையான கிப்லா. எல்லாம் ஐந்தெழுத்து. எல்லாம் உலகப் போட்டிகளில் ஏற்றுக்கொள்ளும் காலின்ஸ் சொற்பட்டியலில் அச்சாகி இருப்பவை. நியூயார்க்கிலும் லண்டனிலும் பிறந்தவனைத் திணற அடிக்கிற சொற்களை நீ சாப்பாட்டுத் தட்டிலும் தெருமுனையிலும் பார்த்து வளர்ந்திருக்கிறாய். ஆறு சொல் உன்னிடம் ஏற்கெனவே இருந்தது. நீதான் அவற்றை ஆங்கிலக் கணக்கில் சேர்க்கவில்லை.

"எனக்கு இங்கிலீஷ் வராதுங்க" என்று சொல்லிச் சொல்லியே வாழ்க்கையில் பாதிக் கதவுகளை நீயே சாத்திக்கொண்டாய். நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டால் போகவில்லை. விண்ணப்பத்தை நிரப்ப அடுத்தவனைத் தேடினாய். கூட்டத்தில் உனக்கு விடை தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. யார் உனக்குச் சொன்னது, அந்த மொழி யாரோ ஒருவனுடைய பாட்டன் சொத்து என்று? பட்டா யார் பெயரில் இருக்கிறது? காட்டச் சொல்!

2015-ஆம் ஆண்டு நவம்பர். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரம். உலக ஸ்கிராபிள் போட்டியின் இறுதிச் சுற்று. ஒரு பக்கம் இங்கிலாந்தின் லூயிஸ் மக்கே. ஆங்கிலம் பிறந்த மண்ணிலிருந்து வந்தவர். எதிரே நைஜீரியாவின் வெலிங்டன் ஜிகேரே. நைஜர் ஆற்று முகத்துவாரப் பகுதியில் வாரி என்ற ஊர்க்காரர். நைஜீரியாவில் ஐந்நூறுக்கு மேற்பட்ட மொழிகள் வழங்குகின்றன. அங்கே ஆங்கிலம் அரசாங்க மொழி, பள்ளிக்கூட மொழி. வெள்ளைக்காரன் கப்பலேறிப் போன பிறகு விட்டுச் சென்ற மொழி. நம் கதையேதான்.

ஏழு ஆட்டங்களில் முதலில் நான்கை வென்றவர் சாம்பியன். ஜிகேரே நான்குக்கு நான்கும் வென்றார். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த முதல் உலகச் சாம்பியன் அவர். கடைசி ஆட்டத்தில் அவர் வைத்த ஒரு சொல் செய்திகளில் அடிபட்டது: ஃபெல்ட்டி. ஐந்தே எழுத்து. நெய்யாமல் கம்பளி இழைகளை அழுத்தியே செய்கிற துணி போன்றது என்று பொருள். அதற்குக் கிடைத்த புள்ளி 36. நாட்டின் அதிபர் முகம்மது புகாரி தொலைபேசியில் கூப்பிட்டு வாழ்த்தினார்.

இந்த வெற்றிக்குப் பின்னால் இருந்த சூட்சுமத்தைத்தான் நீ கவனிக்க வேண்டும். ஸ்கிராபிளில் ஒவ்வொருவர் கையிலும் ஏழு கட்டை. ஏழையும் ஒரே வீச்சில் பலகையில் இறக்கினால் 50 புள்ளி உபரி. அதனால் பல ஆண்டுகளாக ஆட்டக்காரர்கள் நீண்ட சொல்லைத் தேடியே அலைந்தார்கள். நீளம்தான் கெத்து. நைஜீரியர்கள் வேறு கணக்குப் போட்டார்கள். நீளச் சொல் வைத்தால் நல்ல எழுத்தெல்லாம் ஒரேயடியாகப் போய்விடும். பலகையும் எதிராளிக்குத் திறந்துவிடும். அடுத்துப் பையிலிருந்து என்ன வருமோ தெரியாது. நான்கு, ஐந்து எழுத்துச் சொல்லாக வைத்தால் புள்ளியும் வரும், நல்ல எழுத்து இரண்டு மூன்று கையிலும் இருக்கும், எதிராளிக்கு வழியும் அடைபடும். எனவே ஐந்தெழுத்துச் சொற்களை உட்கார்ந்து படித்தார்கள். குழுவாகப் படித்தார்கள். ஒருவரை ஒருவர் சோதித்துப் படித்தார்கள். அந்தக் காலகட்டத்தில் உலகின் முதல் இருநூறு ஆட்டக்காரர்களில் வேறெந்த நாட்டைவிடவும் நைஜீரியர்கள் அதிகம் இருந்தார்கள். அங்கே ஸ்கிராபிள் அரசு அங்கீகரித்த விளையாட்டு.

நீயோ ஆங்கிலம் என்றதும் வாய் நிறைய உருளும் பெரிய பெரிய சொல்லைத்தான் நினைக்கிறாய். அதைப் பேசுகிறவனைப் பார்த்துத்தான் கூனிக் குறுகுகிறாய். சின்னச் சொல் போதும். சின்னச் சொல்லைச் சரியான இடத்தில் வைத்தவன் உலகத்தை ஜெயித்திருக்கிறான்.

ஜிகேரே ஒரே நாளில் மேலே வரவில்லை. 2007-இல் மும்பையில் உலகப் போட்டி நடந்தது. இறுதிச் சுற்றில் நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸும் மலேசியாவின் கணேஷ் ஆசீர்வாதமும் மோதினார்கள். ரிச்சர்ட்ஸ் வென்றார். கணேஷ் இரண்டாம் இடம். அந்தப் பெயரைப் படிக்கும்போது உனக்கு ஏதோ செய்கிறதா? செய்யட்டும். மூன்றாம் இடம் ஜிகேரேவுக்கு. அந்த மூன்றாம் இடத்திலிருந்து முதல் இடத்துக்கு வர எட்டு ஆண்டுகள். நீ எட்டு வாரம் படித்துவிட்டு "செட் ஆகலை" என்று மூடி வைத்தவன்தானே?

ரிச்சர்ட்ஸைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. 1967-இல் பிறந்தவர். இருபத்தெட்டு வயதில்தான் இந்த ஆட்டத்துக்கே வந்தார். அதற்கு முன் வீட்டில் சீட்டாட்டம். போட்ட சீட்டையெல்லாம் நினைவில் வைத்துக்கொண்டு தாயைத் தோற்கடித்துக்கொண்டே இருந்தார். சலித்துப்போன அம்மா, உனக்குத்தான் எழுத்துக்கூட்டிச் சரியாக எழுத வராதே, இதில் நீ தோற்றுவிடுவாய் என்று ஸ்கிராபிளை எடுத்து வைத்தார். பள்ளியில் ஆங்கிலப் பாடத்தில் கெட்டிக்காரர் என்று பெயர் எடுக்காத பிள்ளை அவர். அந்தப் பிள்ளைதான் ஆங்கில ஸ்கிராபிளில் ஐந்து முறை உலகச் சாம்பியன் ஆனது. 2007, 2011, 2013, 2018, 2019. கடைசி வெற்றி நம் கோவாவில்.

அதோடு நின்றாரா? 2015 ஜூலையில் பெல்ஜியத்தின் லூவேன்-லா-நூவ் நகரில் பிரெஞ்சு மொழி ஸ்கிராபிள் உலகப் போட்டிக்குப் போய் உட்கார்ந்தார். அவருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது. ஒன்பது வாரம் பிரெஞ்சுச் சொற்பட்டியலைப் படித்திருந்தார், அவ்வளவே. அதில் சுமார் 3,86,000 சொற்கள். இறுதியில் காபோன் நாட்டு ஆட்டக்காரரை வென்று கோப்பையை வாங்கினார். நன்றி சொல்ல மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார். 2024 நவம்பரில் ஸ்பெயினின் கிரனாடாவில் ஸ்பானிஷ் போட்டி. 24 ஆட்டத்தில் ஒன்றில் மட்டும் தோற்று அதையும் தூக்கிக்கொண்டு போனார். பேட்டி கொடுப்பதில்லை. ஆர்ப்பாட்டம் இல்லை. சைக்கிள் மிதித்துக்கொண்டே மனத்துக்குள் சொற்பட்டியலை ஓட்டிப் பார்ப்பாராம்.

ரிச்சர்ட்ஸைக் காட்டி "நீயும் இப்படி ஆகலாம்" என்று மேடையில் முழங்குகிறவர்களை நான் நம்புவதில்லை. அவர் நினைவாற்றல் லட்சத்தில் ஒன்று. அது உனக்கும் இல்லை, எனக்கும் இல்லை. ஆனால் அவர் ஒரு விஷயத்தை நிரூபித்துவிட்டார். ஒரு மொழியின் சொற்களை எடுத்துக்கொள்ள அந்த மொழிக்காரன் வயிற்றில் பிறந்திருக்க வேண்டியதில்லை. அது போதும் நமக்கு. மீதிக்கு ஜிகேரே இருக்கிறார்.

சரி, கணக்குக்கு வருவோம். பயம் பெரும்பாலும் கணக்குப் போடாததால் வருவது. காலின்ஸ் பட்டியலில் ஈரெழுத்துச் சொற்கள் 127. ஒரு வார விடுமுறையில் முடித்துவிடலாம். மூன்றெழுத்துச் சொற்கள் 1,300-க்குக் கொஞ்சம் மேல். ஐந்தெழுத்து? சுமார் 13,000. மலைத்துவிடாதே. நாளைக்கு 20 சொல் என்றால் 650 நாள். இரண்டு வருஷம்கூட ஆகாது. இந்த இரண்டு வருஷம் எப்படியும் போகத்தான் போகிறது. நீ படித்தாலும் போகும், ரீல்ஸ் பார்த்தாலும் போகும்.

போட்டிக்குப் போகிற எண்ணமே இல்லை, வேலைக்கும் வாழ்க்கைக்கும் ஆங்கிலம் வந்தால் போதும் என்கிறாயா? அப்போது கணக்கு இன்னும் சுருங்கும். வேர்டில் என்ற ஐந்தெழுத்துப் புதிர் 2021-இல் வெளியானதே, நினைவிருக்கிறதா? ஜோஷ் வார்டில் என்பவர் உருவாக்கியது. சுமார் 12,000 ஐந்தெழுத்துச் சொற்களை அவருடைய வாழ்க்கைத் துணை பாலக் ஷா ஒவ்வொன்றாகப் பார்த்து, இது எனக்குத் தெரியும், இது தெரியாது என்று பிரித்தார். மிஞ்சியவை ஏறத்தாழ 2,300. அந்தப் பெண் தன் மேசையில் உட்கார்ந்து பிரித்த பட்டியலை வைத்துத்தான் உலகமே காலையில் காபியோடு மண்டையைக் குடைந்தது. நியூயார்க் டைம்ஸ் 2022 ஜனவரியில் அதை விலைக்கு வாங்கியது. ஆக, படித்த மனிதர் ஒருவருக்கு நன்றாகத் தெரிந்த ஐந்தெழுத்துச் சொற்கள் மொத்தமே இரண்டாயிரத்துச் சொச்சம். நாளைக்கு 20 என்றால் நான்கு மாதம்! இதற்குத்தான் இத்தனை வருஷம் பயந்தாயா?

மனப்பாடம் நமக்கு ஒத்துவராது என்று மட்டும் சொல்லிவிடாதே. சிரிப்பார்கள். பதினாறாம் நூற்றாண்டில் மண்டல புருடர் என்ற சமண முனிவர் சூடாமணி நிகண்டு எழுதினார். மொத்தம் பன்னிரண்டு தொகுதி. பதினோராம் தொகுதியில் ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்கிறார். அதை எப்படி அடுக்கினார் தெரியுமா? எதுகை வரிசையில், அதாவது சொல்லின் இரண்டாம் எழுத்தை வைத்து. ககரம் இரண்டாவதாக வரும் சொற்கள் ஓரிடத்தில், சகரம் வருபவை இன்னோரிடத்தில். இன்று கணினி நிரலில் "இரண்டாம் இடத்தில் இந்த எழுத்து உள்ள சொற்களைக் காட்டு" என்று தேடுகிறார்களே, அந்த வேலையை அவர் ஓலையில் செய்து முடித்துவிட்டார், அதுவும் செய்யுளில். திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதை ஒப்பித்தார்கள். உன் கொள்ளுப்பாட்டனுக்கு எழுத்தறிவு கிடைத்திருந்தால் அவரும் ஒப்பித்திருப்பார். கிடைக்கவில்லை என்றால், உனக்குக் கிடைத்திருக்கிறதே, அதற்காகவாவது உட்கார்!

எப்படி உட்காருவது? அகராதியை முதல் பக்கத்திலிருந்து படிக்கிறேன் என்று கிளம்பாதே. அப்படிக் கிளம்பியவர்கள் பெரும்பாலும் பீ எழுத்தைத் தாண்டியதில்லை. எழுத்தைப் பிடித்துக்கொண்டு போ. இந்த வாரம் க்யூ இருக்கிற ஐந்தெழுத்து. அடுத்த வாரம் ஸெட். அதற்கடுத்து உயிரெழுத்து நான்கு உள்ளவை: ஆடியோ, அடியூ. பிறகு ஏ, ஈ, ஐ, ஓ, யூ எதுவுமே இல்லாதவை: நிம்ஃப், லிம்ஃப், பிக்மி, ட்ரிஸ்ட். வேல்ஸ் நாட்டிலிருந்து வந்த க்ரூத் என்ற சொல்லில் ஒய்கூடக் கிடையாது. அது ஒரு பழைய நரம்பு இசைக்கருவி. இப்படிக் கூட்டம் கூட்டமாகப் பிடித்தால் ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டு வரும்.

பிடித்ததை நழுவ விடாமல் இருக்க ஒரு பெட்டி. செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1972-இல் ஜெர்மன் மொழியில் எழுதிய புத்தகத்தால் பரவிய முறை இது. அட்டைப் பெட்டியில் ஐந்து அறை. துண்டு அட்டையில் ஒரு பக்கம் சொல், மறுபக்கம் பொருள். எல்லாம் முதல் அறையில் தொடங்கும். சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த அறைக்குப் போகும். தவறினால் மறுபடி முதல் அறை. முதல் அறையைத் தினமும் பார், இரண்டாவதை ஒருநாள் விட்டு ஒருநாள், கடைசி அறையை மாதம் ஒருமுறை. தெரிந்ததையே திரும்பத் திரும்பப் படித்துப் பொழுதைக் கழிக்க வழியே இல்லை. எது தெரியாதோ அதுதான் உன் முன்னால் வந்து நிற்கும். உலகத் தர ஸ்கிராபிள் ஆட்டக்காரர்கள் இன்று கணினியில் செய்வதும் இதே பெட்டியைத்தான். உனக்கு செருப்பு வாங்கிய அட்டைப் பெட்டி போதும்.

பொருள் வேண்டுமா வேண்டாமா என்று ஒரு சண்டை உண்டு. ஆட்டக்காரர்கள் வேண்டாம் என்பார்கள். ரிச்சர்ட்ஸ் பிரெஞ்சில் வென்றது பொருள் தெரிந்து அல்லவே! பலகையில் எழுத்து சரியாக இருந்தால் புள்ளி. நான் பொருளின் கட்சி. உனக்குப் புள்ளி மட்டும் போதாது, நீ நாளைக்கு வாயைத் திறந்து பேச வேண்டியவன். தவிரவும் பொருளில்தான் உலகமே இருக்கிறது. க்யூவில் தொடங்கும் கனாத் என்ற ஐந்தெழுத்துச் சொல்லை எடு. ஈரானில் மலையடிவாரத்து நிலத்தடி நீரைச் சரிவான சுரங்கம் வெட்டி, இறைக்காமல், வெறும் சரிவை வைத்தே பல மைல் தூரத்து ஊருக்குக் கொண்டுவந்தார்கள். ஆவியாகிப் போகாமல் பாலைவனத்தைக் கடந்து வந்த தண்ணீர் அது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தச் சொல்லை மறக்க முடியுமா? இன்னொன்று கஜக். முன்னாலும் க்யூ, பின்னாலும் க்யூ. வடதுருவப் பகுதி மக்களின் ஒற்றை ஆள் தோணி, நாம் கயாக் என்கிறோமே அதுதான். ஒவ்வொரு அட்டையின் பின்பக்கத்திலும் ஒரு ஊர், ஒரு தொழில், ஒரு மிருகம்.

சொல் தெரிந்தால் பேச்சு வந்துவிடாது. அதை நான் மறைக்கப் போவதில்லை. பேச்சு பேசித்தான் வரும், தப்பாகப் பேசித்தான் சரியாக வரும். ஆனால் பேச வாய் திறக்கும்போது கை நீட்டினால் எடுக்கச் சொல் இருக்க வேண்டும். வெறுங்கையோடு நின்றால் நடுங்கத்தான் செய்யும்.

"வேலை இல்லை, மனசு சரியில்லை, இதெல்லாம் எதற்கு" என்று முனகுகிறவனுக்கு ஒரு சேதி. இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்த ஆல்ஃபிரட் பட்ஸ் நியூயார்க்கில் ஒரு கட்டடக்கலைஞர். 1930-களின் பொருளாதாரச் சரிவில் வேலை போனது. சும்மா இருந்த மனிதர் செய்தித்தாளை எடுத்து வைத்துக்கொண்டு எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று கையாலேயே எண்ணினார். ஈ எழுத்துக்கு 12 கட்டை, க்யூவுக்கு ஒன்று என்பதெல்லாம் அப்படி எண்ணி வந்த கணக்கு. விளையாட்டுச் சாமான் கம்பெனிகள் திருப்பி அனுப்பின. பிறகு ஜேம்ஸ் புரூனோ என்பவர் எடுத்து ஸ்கிராபிள் என்று பெயர் வைத்தார். 1949-இல் 2,400 பெட்டி தயாரித்து 450 டாலர் நஷ்டப்பட்டார். 1950-களின் தொடக்கத்தில்தான் விற்பனை கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. இன்னொன்றும் கேள்: தனக்கு எழுத்துக்கூட்டல் சரியாக வராது என்று அந்த பட்ஸே சொல்லியிருக்கிறார்!

போதும், படித்தது. இனி உன் முறை. ஏ, ஈ, ஐ, என், ஆர், எஸ், டி. இந்த ஏழு எழுத்தையும் ஒவ்வொரு தடவையும் முழுக்கப் பயன்படுத்தி எழுதும் ஏழெழுத்துச் சொற்கள் காலின்ஸ் பட்டியலில் பத்துக்கு மேல் இருக்கின்றன. மூன்றை நான் தருகிறேன். ரீடெய்ன்ஸ், தக்கவைத்துக்கொள்கிறது. ரெட்டினாஸ், விழித்திரைகள். ரெட்ஸினா, பைன் மரப் பிசின் மணம் கொண்ட கிரேக்க நாட்டு ஒயின். மிச்சத்தில் நான்குக்குப் பொருள் மட்டும் சொல்வேன். ஒன்று, மரச்சாமானுக்குச் சாயம் ஏற்றுகிறவன். ஒன்று, மெழுகுவத்தியிலும் சோப்பிலும் சேர்க்கும் கொழுப்பு. ஒன்று, அசிங்கத்தில் இன்னும் ஒரு படி மேல். ஒன்று, இருப்புக்கொள்ளாமல் தவிப்பதில் இன்னும் ஒரு படி மேல். செல்போனைக் கவிழ்த்து வை. பேனாவை எடு.